சாவியை யார் வாங்குவது

“போய்ச் சாவிய வாங்கிட்டு வந்துரு லா. அரை நாள் வேலை” என்று அம்மா பினாங்கிலிருந்து, அந்த ஊர் ‘லா’வோடு, சொன்னபோது நான் ஹாங்காங்கில் அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். முதுகலை ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. கையில் வேலை இல்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஹாங்காங்கிலிருந்து பினாங்குக்குப் போகும் வழியில் திருவண்ணாமலை வராது என்பது உலகப்படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மா அதையெல்லாம் பார்ப்பதில்லை.

விஷயம் இதுதான். அடி அண்ணாமலையில், மலையைச் சுற்றிப் போகும் கிரிவலப் பாதையின் ஓரத்தில், அப்பாவின் தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. பாதி எங்களுக்கு, பாதி ஏழுமலைப் பெரியப்பாவுக்கு. அவர் அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன். அதே தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். நாங்கள் கடல் தாண்டி இருப்பதால், வீட்டைப் பார்த்துக்கொள்ள குமார் என்று ஒருவரை உட்காரவைத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்த குமார் ஒரு நாள் வீடு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அப்பா முடிவைப் பார்க்காமலே போய்விட்டார். இப்போது தீர்ப்பு எங்கள் பக்கம் வந்திருக்கிறது. அப்பீலெல்லாம் வேண்டாம், காலி செய்துவிடுகிறேன் என்று குமாரே சொல்லியனுப்பியிருந்தார்.

ஒரு சாவியை வாங்குவதில் என்ன பெரிய சிக்கல் என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நான் கேட்கக் கூடாது. இரண்டு வருடமாக நான் படித்ததே அந்தச் சிக்கலைத்தான்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஹாங்காங் அப்போது அதன் பிடியில் இருந்தது. அதை யாரிடம் ஒப்படைப்பது? போருக்கு முன் அது எங்கள் காலனி, எங்களிடம்தான் என்றது பிரிட்டன். நேச நாடுகள் போர்க்களத்தைப் பிரித்துக்கொண்டபோது அந்தப் பகுதி என் பங்கில்தான் வந்தது, என்னிடம்தான் என்றது சீனா. அமெரிக்கா இருவருக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் பிரிட்டன் பக்கம் சாய்ந்தது. மூன்று தலைநகரங்களுக்கு நடுவே தந்திகள் பறந்தன. தோற்றவன் வாளைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறான்; வாங்கிக்கொள்ளத்தான் ஆள் முடிவாகவில்லை. நான் ஆய்வேட்டில் பிரிட்டனை நன்றாகத் திட்டியிருந்தேன். சண்டை நடந்த காலமெல்லாம் எங்கேயோ இருந்துவிட்டு, முடிந்ததும் வந்து கையை நீட்டுகிறவர்கள் என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திருவண்ணாமலை வந்து சேர்ந்தேன். மலையைப் பார்க்காமல் அந்த ஊரில் இறங்கவே முடியாது என்று அம்மா சொல்லியிருந்தார். நான் பார்க்காமல்தான் இறங்கினேன். பேருந்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேன், நடத்துனர் கம்பியில் தட்டி எழுப்பினார். பை ஒரு தோளில், தலைவலி மறு பக்கம்.

தங்கியது செங்கம் சாலையில், ரமணாசிரமத்துப் பக்கம். கீழே ஒரு காபிக் கடை. அங்கே மெனுவில் தோசையைத் தேட வேண்டும். வாழைப்பழ அப்பமும் பாதாம் பாலும் முதலில் வரும். பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். “மூன்று மாதமாக எனக்கு எதன் மேலும் ஆசையே வரவில்லை” என்றார் ஒருவர். “கேட்கவே பொறாமையாக இருக்கிறது” என்றார் மற்றவர். அந்தப் பொறாமையிலிருந்து ஆசைக்கு எவ்வளவு தூரம் என்று யோசிக்கவும் எனக்குத் தெம்பில்லை. காபி மட்டும் நன்றாக இருந்தது. எங்கள் பினாங்குக் கோப்பியின் கறுப்பு இதில் இல்லை, ஆனால் நுரைக்கு அடியில் ஒரு கசப்பு ஒளிந்திருந்தது.

மாலை ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். ஓட்டியவர் பெயர் சேகர். பேச்சு குறைவு, ஹாரன் ஜாஸ்தி.

வீட்டு வாசலிலேயே மூட்டைகள். பாத்திரங்களைப் போர்வையில் கட்டியிருந்தார்கள். மெத்தையைச் சுருட்டிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். சாமி படங்களும் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன. சுவரில் அவை இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. குமார் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி. வழக்கில் எதிர்க்கட்சி என்றதும் அடுக்கடுக்காக நான் கற்பனை செய்துவைத்திருந்த முகம் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. அவர் மனைவி மல்லிகா கட்டிய மூட்டை ஒன்றை அவிழ்த்து, எனக்காக ஒரு டம்ளரை வெளியே எடுத்தார்.

“தோத்துட்டேன்மா. ஒத்துக்கறேன்” என்றார் குமார். “உங்கப்பா இருந்தா அவரு கால்லயே உயுந்திருப்பேன். நீங்க வந்துட்டீங்க, இந்தாங்க.”

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். வாசலில் ஒரு இருமல் கேட்டது.

ஏழுமலைப் பெரியப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நான் அவரைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

“வாம்மா. வந்ததும் வராததுமா இன்னா அவசரம்? முதல்ல வீட்டுக்கு வா, சாப்டு.” பிறகு குமாரைப் பார்த்து, “டேய், யாருகிட்டடா குடுக்கற?”

“பாப்பா வந்துச்சேன்னு…”

“பாப்பா வந்தா? கோர்ட்டுக்கு வந்துது யாரு?”

குமார் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். மல்லிகா அக்கா என் டம்ளரில் காபியை ஊற்றினார். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது சேகர் வந்த வழியே போக மறுத்துவிட்டார். மலையை இடமாகச் சுற்றக் கூடாதாம், ஆட்டோவிலும்தான். “நேரா போய் டவுனு உள்ள பூந்து, கோயிலாண்ட திரும்பி, அப்பால உங்க ரூமு” என்றார். எதிரே எத்தனையோ ஆட்டோக்கள் அந்த வழியாகவே வந்துகொண்டிருந்தனவே என்று கேட்டேன். “அவங்க வேண்டுதல் வெச்சிருக்க மாட்டாங்க.” ஆக, சில நிமிடத்தில் போக வேண்டிய அறைக்கு நான் முழு மலையையும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அந்த வாரம் தினமும் அப்படித்தான். காலால் ஒருமுறைகூடக் கிரிவலம் வரவில்லை. முதுகெலும்பால் பலமுறை வந்தேன்.

திங்கட்கிழமை காலை அம்மா அழைத்தார்.

“சாவி வந்துருச்சா?”

“பெரியப்பா தான்தான் வாங்கணும்கறாரும்மா.”

“விட்றாத லா! அவரு கைக்குப் போச்சுன்னா நம்ம பாதி போச்சு. அங்கயே இருக்கறவரு. நாளைக்கே பூட்டு மாத்திடுவாரு. நம்ம ஆளு ஒருத்தர் கை நீட்டி வாங்கணும், நாலு பேரு பாக்கணும்.”

ஆய்வேட்டில் லண்டனிலிருந்து போன தந்திகளை நான் சுருக்கி எழுதிய பக்கங்களில் இருந்ததும் இதேதான்: நம் ஆள், நம் கப்பல், நம் கொடி, சீக்கிரம். வேறொருவர் கைக்குப் போனால் திரும்பி வராது என்கிற பயம். அம்மா காலனியெல்லாம் வைத்திருந்தவர் இல்லை. தைப்பிங்கில் பிறந்து, பினாங்கில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நான், பெரியப்பா, வாசல்படியில் குமார். தோற்ற கட்சி உள்ளே வராமல் படியில்தான் உட்கார்ந்தது. யாரும் சொல்லவில்லை, அவராகவே. பெரியம்மா எல்லோருக்கும் களியும் கீரைக் குழம்பும் கொடுத்தார். கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மென்றேன். குமார் படியிலிருந்தே, “முழுங்கிடுங்கமா, முழுங்கிடுங்க” என்றார்.

எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. ஹாங்காங் கதையைச் சொன்னேன். எப்போதும் போல வேகமாக, கையை ஆட்டி ஆட்டி. இரண்டு கட்சியும் விட்டுக்கொடுக்காமல், கடைசியில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஒருவர் இரண்டு பேர் சார்பிலும் கையெழுத்து வாங்கினார்: ஒன்று அவருடைய அரசின் சார்பில், இன்னொன்று சீனத் தலைவரின் சார்பில். ஒரே ஆள், ஒரே மேசை, இரண்டு தொப்பி.

“அதுவரைக்கும் அந்த ஜப்பான்காரன் இன்னா பண்ணான்?” என்று கேட்டார் குமார்.

“ஊரைப் பாத்துக்கிட்டான். யாராவது வந்து வாங்கிக்கிற வரைக்கும் ஒழுங்கா வெச்சிருக்கறது அவன் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க.”

குமார் சிரித்துவிட்டார். “கேட்டியாண்ணா? நேத்து கரண்டு பில்லு நான்தான் கட்டினேன். தோத்ததுக்கு அப்பறம்.”

“வாய மூட்றா” என்றார் பெரியப்பா. ஆனால் அவர் வாயோரத்திலும் ஏதோ அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தார். “ரெண்டு பேரு சார்பாவும் நீ வாங்குவ. சரி. யாரு பேர முதல்ல சொல்லுவ?”

நான் களித் தட்டைக் கீழே வைத்தேன்.

“உங்கம்மா பேரா, என் பேரா? அதச் சொல்லு முதல்ல.”

அந்தக் கேள்வியை எந்த ஆவணக் காப்பகத்திலும் நான் பார்த்ததில்லை. மாலை வரை அதிலேயே போனது. ஒரே மூச்சில் இரண்டு பெயரையும் சொல்லலாமா என்று குமார் கேட்டார். தேவையானால் தன் பெயரை முதலில் சொல்லிவிட்டால் சண்டையே இல்லை என்றும் சொன்னார். பெரியப்பா துண்டை எடுத்து அவர் மேல் வீசினார்.

புறப்படும்போது மல்லிகா அக்கா என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார். அங்கே வைத்துத்தான் கேட்டார்.

“எப்ப முடியும் இது?”

டவுனில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் வசதி உள்ள வீடு. மகள் படிக்கும் கல்லூரிக்குப் பக்கம். வீட்டுக்காரம்மா புதன்கிழமைக்குள் வந்து பால் காய்ச்சச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். வியாழக்கிழமை பௌர்ணமி. அதற்கு முந்தின மதியத்திலிருந்தே கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போக மாட்டார்கள். அப்புறம் மிச்சம் இருப்பது புதன் காலை மட்டும்.

“சாவிய இங்கயே வெச்சிட்டுப் போயிட வேண்டியதுதானக்கா?” என்றேன்.

“யாரு கையிலயும் குடுக்காம போனா, ஓடிட்டான்னு சொல்லுவாங்க. இத்தினி வருசம் தெருவுல தலைய நிமித்திக்கினு இருந்துட்டு, ஓடிப் போனோம்னு பேரு வேணாம்மா. உங்களுக்குள்ள யாரு வாங்கினாலும் எங்களுக்கு ஒன்னுதான். யாராவது வாங்குங்க.”

சேகர் ஹாரன் அடித்தார். நான் மலையைச் சுற்றிக்கொண்டு அறைக்குப் போனேன். காற்றே இல்லை. ஹாங்காங்கில் வெயில் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டு மேலிருந்து வரும்; இங்கே மலைப் பாறையில் ஊறி, பொழுது சாய்ந்த பிறகும் பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டேயிருந்தது.

செவ்வாய்க்கிழமை எதுவும் நடக்காத நாள். சாவியைப் பற்றிப் பேசுவதற்குக்கூட யாரும் தயாராக இல்லை. டவுனுக்குப் போனேன். மலேசிய சிம் அட்டை திடீரென்று வேலை செய்யாமல் போய்விட, அதைச் சரிசெய்ய மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் “நாளைக்கு வாங்க” என்றார்கள். நாலாவது கடையில் ஒரு உள்ளூர் சிம்மை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, நான் கேட்காமலே, ஒரு இளநீரைச் சீவி நீட்டினார் பக்கத்து வண்டிக்காரர். “மூஞ்சப் பாத்தாலே தெரியுது.”

திரும்பும் வழியில் பேருந்தில் நசுங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் மல்லிகா அக்கா. புது வீட்டுக்குத் துடைப்பமும் முறமும் வாங்கப் போயிருந்தாராம். அந்தப் பேருந்தைப் பற்றி அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த விஷயம்.

“இந்த பஸ்ஸுலதான் ரெண்டு பேரும் கேசுக்குப் போவாங்க.”

“யாரு?”

“எங்க ஊட்டுக்காரரும் உங்க பெரியப்பாவும். காலைல இதான ஒரே பஸ்ஸு. முன்னாடி வர்றவரு சீட்டுல துண்டு போட்டு வெப்பாரு, இன்னொருத்தருக்கும் சேத்து. கோர்ட்டுல எதிரெதிரா நிப்பாங்க. வாய்தான்னு சொல்லிடுவாங்க. அப்பால ஒன்னா டீ குடிச்சிட்டு வருவாங்க. ஒரு வாட்டி இவரு வக்கீல் வரல. உங்க பெரியப்பாதான் போயி வேற தேதி கேட்டு வாங்கிக் குடுத்தாரு.”

“எதிர்க்கட்சிக்கா?”

“வேற யாருக்கு?” அவர் துடைப்பத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டார். “உங்கப்பா வருவாரு வருவாருன்னு ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்க பெரியப்பா பாத்துக்கினு இருப்பாராம். உங்கப்பா போயிட்ட செய்தி வந்த அன்னிக்கும் வாய்தா இருந்துது. போனாரு. போயிட்டு வந்துதான் தல முழுவினாரு.”

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஜன்னல் கம்பியில் தலை இடித்தது. அவர் என் தலையைத் தடவிவிட்டார். நான் எங்கள் தரப்பைப் பற்றி யோசித்தேன். எங்கள் தரப்பில் வாய்தாவுக்குப் போனவர் யாரும் இல்லை. அப்பாவுக்கு விடுப்பு கிடைக்காது. பிறகு உடம்புக்கு முடியாது. நியாயமான காரணங்கள்தான். லண்டனிடமும் நியாயமான காரணங்கள் இருந்தன.

புதன்கிழமை காலை தெருவில் ஒரு குட்டியானை நின்றிருந்தது. அந்தச் சின்னச் சரக்கு வண்டியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். மூட்டைகள் ஏற்றியாயிற்று. மேலே கவிழ்த்த கட்டில், அதன் கால்களுக்கு நடுவே துளசிச் செடி. வண்டிக்காரர் மணிக்கொருதரம் இல்லை, நொடிக்கொருதரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதை முனையில் காவல்துறையினர் தடுப்புக் கம்பிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாளே ஊருக்கு வெளியே பேருந்துகள் நிற்கத் தொடங்கியிருந்தன.

பெரியம்மா ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ வைத்துக் கொண்டுவந்தார். குமார் சாவியை அதன் நடுவில் வைத்தார். இந்த ஊரில் இப்படிப்பட்டதைக் கையில் கொடுக்க மாட்டார்கள், தட்டில்தான். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அம்மா கேட்ட நாலு பேருக்கு மேலேயே. மல்லிகா அக்கா உள்ளே ஒரு குடம் தண்ணீரும் ஒரு படி அரிசியும் உப்பும் வைத்து, விளக்கேற்றிவிட்டு வந்தார். வெறும் வீடாக விட்டுப் போகக் கூடாதாம், எதிராளிக்கானாலும்.

குமார் தட்டைத் தூக்கிப் பிடித்தார். யாரும் அசையவில்லை.

அம்மா செல்போனில் இருந்தார். ஒலிபெருக்கியில் போட்டு என் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

“அண்ணா, கை வலிக்குது” என்றார் குமார்.

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். யோசித்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது. “ராத்திரியெல்லாம் நெனச்சேன். பொண்ணு அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்குது. நீயே வாங்கிக்கோம்மா. ஆனா நான் சொல்லித்தான் வாங்கற. என் சார்பா வாங்கறன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டு வாங்கிக்கோ.”

இது அப்படியே நடந்திருக்கிறது. சீனத் தலைவரும் ஒரு கட்டத்தில் இதையேதான் சொன்னார்: பிரிட்டிஷ்காரரே வாங்கட்டும், ஆனால் நான் கொடுத்த அதிகாரத்தில், என் பிரதிநிதியாக. பிரிட்டன் முடியாது என்றது. என் வீட்டுக்குள் நுழைய இன்னொருவர் அனுமதியா என்று.

என் சட்டைப் பை பேசியது. “முடியாதுன்னு சொல்லு லா. அவரு சார்பா வாங்கினா நாம யாரு? நாம அவருக்குக் கீழன்னு ஆயிரும்.”

எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா தரையைப் பார்த்தார். வண்டிக்காரர், “சீக்கிரம் முடிங்க சார், கம்பி போட்டாங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன், சாமான எறக்கிட்டு” என்றார். மல்லிகா அக்கா வண்டியில் ஒரு கையும் வீட்டுச் சுவரில் ஒரு கையுமாக நின்றார்.

நான் அந்தக் கடற்படைத் தளபதியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவர் இரண்டு பெயரையும் சொன்னார். அதற்குப் பல வாரம் பிடித்தது. எனக்குக் கம்பி போடும் வரைதான் நேரம். அதைவிட, எனக்கு அலுத்துவிட்டது. இந்த வெயிலும், அம்மாவின் பயமும், இரண்டு வருடம் நான் எழுதியதும் எல்லாம் சேர்ந்து அலுத்துவிட்டது. துண்டு போட்டு இடம் பிடித்து, பேருந்தில் போய், வராத தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எனக்கு எதிரே நின்றார். அவர் கேட்டது ஒரு வார்த்தை.

“ஏழுமலைப் பெரியப்பா சார்பா வாங்கிக்கறேன்” என்றேன், சத்தமாக. தட்டிலிருந்து சாவியை எடுத்தேன். அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை.

பையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மா வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். பிறகு, “உங்கம்மாவையும் சேத்துக்கோ” என்றார்.

“பெரியப்பா?”

“அவங்க சார்பாவும் வாங்கிட்டன்னு சொல்லு. தம்பி பொண்டாட்டிதான? யாரோவா?”

சொன்னேன். தெருக்காரர்களில் ஒருவர் கைதட்டப் போய், யாரும் சேராததால் நிறுத்திவிட்டார். பையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, மெதுவாக: “போன அவருகிட்ட குடு.”

பெரியப்பா செல்போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவர் பக்கத்திலிருந்து “ம்”, “இல்லமா”, “அவன் இருந்திருந்தா” என்று மட்டும் காதில் விழுந்தது.

அதற்குள் பெரியம்மா வீட்டுக்குள் போய் இன்னொரு சாவியோடு வந்தார். மேலே அரிசி மாவு ஒட்டியிருந்தது. “இதையும் வெச்சிக்கோ. எங்கூட்டு அரிசி டிரம்முல கெடந்துது.”

“இது எந்தச் சாவி?”

“அதே வீடுதான். மல்லிகா அவங்கம்மா ஊட்டுக்குப் போறப்பல்லாம் எங்கிட்டதான குடுத்துட்டுப் போவா?”

கேஸ் நடந்த காலமெல்லாமா என்று கேட்டேன். பின்ன எப்போ என்பதுபோல் என்னைப் பார்த்தார். வீட்டைப் பிடித்துவைத்திருப்பவர்கள், வழக்குப் போட்டவர்கள் வீட்டிலேயே மாற்றுச் சாவியை வைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள். பெரியப்பா நினைத்திருந்தால் ஏதாவது ஒரு தீபாவளிக்குத் திறந்து உள்ளே உட்கார்ந்திருக்கலாம். அதை யாரும் யோசிக்கக்கூட இல்லை. நாங்கள் பினாங்கில் இருந்துகொண்டு, அவர் பூட்டை மாற்றிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தோம்.

குட்டியானை புறப்பட்டது. மல்லிகா அக்கா முன்பக்கம் ஏறி, என் கையைப் பிடித்து, “ஊட்டுக்கு வாங்க, டவுன்ல, கோயில் பின்னாடிதான்” என்றார். குமார் பின்னால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி தடுப்புக் கம்பிவரை போய் நின்றது. குமார் இறங்கிக் காவலரிடம் கும்பிட்டுப் பேசுவது தெரிந்தது. கம்பியை ஒதுக்கினார்கள். போய்விட்டார்கள். பால் காய்ச்ச நேரம் இருந்தது.

தெரு கலைந்தது. நானும் பெரியப்பாவும் வீட்டுக்குள் போனோம். சின்ன வீடு. இத்தனை தந்திக்கும் வாய்தாவுக்கும் இது பெரிதாக இருக்கும் என்று எப்படியோ நினைத்திருந்தேன். பின்கட்டுக் குழாயைத் திறந்தேன். காற்று வந்தது.

“மோட்டாரு போடணும்” என்றார் பெரியப்பா. சுவரெங்கும் சுவிட்சைத் தேடினோம். இருந்த சுவிட்சையெல்லாம் தட்டினோம். ஒரு மூலையில் விளக்கெரிந்தது, இன்னொரு மூலையில் மின்விசிறி சுற்றியது. தண்ணீர் மட்டும் இல்லை. அவர் இந்த வீட்டில் பிறந்தவர். உள்ளே வந்து பல வருடம் ஆகியிருந்தது. நான் இந்த வீட்டுக்காகக் கடல் தாண்டி வந்தவள். இருவருக்கும் எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இனி இந்த வீட்டை என்ன செய்வது என்பதையும் யாரும் அதுவரை பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு வீடு இருக்கிறது. எனக்கு நாளை மறுநாள் விமானம்.

பெரியப்பா இடுப்பிலிருந்து தன் செல்போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடம்.

“டேய் குமாரு. எங்க போய்க்கினு இருக்க? …சரி. மோட்டாரு சுவிட்ச் எங்கடா?”

எதிர்முனையில் வண்டிச் சத்தத்துக்கு மேல் குமார் கத்துவது எனக்கே கேட்டது. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடி, கீழே. முதல் தட்டுக்கு ஓடாது, ரெண்டு தடவை தட்டணும். பின்கதவு மழைக்கு ஒட்டிக்கும், தூக்கித் தள்ளணும்.

நான் குனிந்து இரண்டு தடவை தட்டினேன். எங்கோ அடியில் ஏதோ உறுமியது. குழாய் இருமி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பி, பிறகு தெளிந்தது. பெரியப்பா கையை நீட்டி அதில் நனைத்துக்கொண்டார். செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“வெச்சிடாதடா, இரு. டேங்கு ரொம்பினா எப்பிடித் தெரியும்?”